மாதம் 42,000 வருமானத்தில் சொந்த வீடு: கையிருப்பிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, கைக்கு வருவது 28,000. சகோதரி பாடியில் ஒரு தையல் கூடத்தில் வேலை பார்க்கிறார், 14,000. அந்தச் சம்பளம் கையில் ரொக்கமாக வருகிறது. வாடகை 9,000. ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. சேமிப்பு 6 லட்சம், எட்டு சவரன் நகை. திருவள்ளூர் தாண்டி 8 லட்சத்துக்கு ஒரு மனை வந்திருக்கிறது, அதை வாங்கலாமா? சின்னதாக ஒரு ஃபிளாட் பார்க்கலாமா? அல்லது இந்த 6 லட்சத்தை ஒத்திக்குக் கொடுத்துவிட்டு வாடகையை மிச்சப்படுத்தலாமா? இந்த மூன்றும்தான் கேள்வி.

நான் பல வருடங்கள் வீட்டுக் கடன் கோப்புகளோடு வேலை பார்த்தவன். உங்களைப் போன்ற குடும்பங்களின் விண்ணப்பங்கள்தான் என் மேசைக்கு அதிகம் வந்தன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்களால் வீடு வாங்க முடியும். அது சுமார் 19 லட்சம் ரூபாய் விலைக்குள் உள்ள, ஏற்கெனவே ஆள் குடியிருந்த, ஒரு படுக்கையறை கொண்ட பழைய ஃபிளாட்டாக இருக்க வேண்டும். மனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒத்தி பார்க்க லாபமாகத் தெரியும், ஆனால் உங்கள் நிலைமையில் நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றாக விளக்குகிறேன்.

இந்த 19 லட்சம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலானவர்கள் “எவ்வளவு கடன் கிடைக்கும்” என்பதில் ஆரம்பிக்கிறார்கள். 18 லட்சம் கடன், கையில் 6 லட்சம், ஆக 24 லட்சத்துக்கு வீடு என்று மனக்கணக்குப் போட்டு, அட்வான்ஸும் கொடுத்துவிடுகிறார்கள். பத்திரப் பதிவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பணம் போதாமல் வட்டிக்கு வாங்க ஓடுகிறார்கள். நான் பார்த்தவரை குடும்பங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். மாதத் தவணையைக் கட்டத் தெரிந்தவர்கள், முதல் நாள் தேவைப்படும் மொத்தப் பணத்தை எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் பழைய வீட்டை வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9 சதவீதம். 2017 முதல் 2023 ஜூலை வரை இது 11 சதவீதமாக இருந்தது. கட்டுநரிடமிருந்து புது ஃபிளாட்டை முதல் விற்பனையாக வாங்கினால் கணக்கு வேறு. 2023 டிசம்பரிலிருந்து நிலத்தின் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதிகிறார்கள், 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம். இந்த விஷயத்தில் புது வீட்டுக்கு ஒரு சாதகம் உண்டு. ஆனால் கட்டுமானத்தில் இருக்கும் ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி சேரும். சென்னையில் 45 லட்சத்துக்குள்ளும் 60 சதுர மீட்டர் கார்பெட் பரப்புக்குள்ளும் (வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பு) இருந்தால் 1 சதவீதம், அதற்கு மேல் போனால் 5 சதவீதம். பழைய வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

அடுத்தது வங்கி. 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அது உச்சவரம்பு மட்டுமே. பழைய கட்டடம் என்றால் நடைமுறையில் 80, 85 என்று நின்றுவிடும். அதுவும் நீங்கள் பேசிய விலைக்கு அல்ல, வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் மதிப்புக்கு. பத்திரச் செலவையும் அதில் சேர்க்க மாட்டார்கள். வீட்டின் விலை 10 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும் அதற்கு விலக்கு உண்டு.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. உங்கள் சம்பளம் ரொக்கமாக வருவதால் வங்கி அதை எண்ணாது. கணவரின் 28,000-ஐ மட்டும் வைத்து, அதில் பாதியைத் தவணைக்கு ஒதுக்கலாம் என்று எடுத்துக்கொண்டால் மாதம் 14,000. 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்கு 868 ரூபாய் தவணை. ஆக 16 லட்சம் கடனுக்கு ஏறக்குறைய 13,900. உங்கள் இருவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் போக வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு பள்ளிக் கட்டணமோ ஒரு காய்ச்சலோ வந்தாலும் தாங்க வேண்டுமே.

வீட்டு விலை 19 லட்சம் என்று வையுங்கள். கடன் 16 போக உங்கள் பங்கு 3 லட்சம். பத்திரத்துக்கு 9 சதவீதம், 1.71 லட்சம். வக்கீல் கருத்துரை, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அசல் பத்திரத்தை வங்கியில் வைப்பதற்கான பதிவு, புரோக்கர், ஆவண எழுத்தர் என்று ஒரு 50,000. மொத்தம் 5.21 லட்சம். உங்கள் 6 லட்சத்தில் மீதி சுமார் 80,000. அதைத் தொடாதீர்கள். வண்ணம் அடிக்க வேண்டும், அலமாரி போட வேண்டும் என்று ஆசை வரும். முதல் வருடம் பழைய சுவரோடே இருங்கள். வேலை போனாலும், உடம்பு படுத்தாலும் நான்கைந்து தவணைக்கு இந்தப் பணம் தாங்கும். நகையும் அப்படித்தான். வீடு வாங்குவதற்காக விற்க வேண்டாம், ஆபத்துக்கு அடகு வைக்க அது பெட்டியில் இருக்கட்டும்.

உங்கள் 14,000 சம்பளம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கூடத்து முதலாளியிடம் பேசி இந்த மாதத்திலிருந்தே அதை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து வரவு தெரிந்தால் உங்களைக் கூட்டுக் கடனாளியாகக் காட்டி அந்த வருமானத்தையும் எண்ண வைக்க வாய்ப்பு உண்டு. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து வைப்பது உதவும். இதைச் செய்யாதவர்கள் கடைசியில் ரொக்க வருமானத்துக்கும் கடன் தரும் வீட்டு வசதி நிதி நிறுவனங்களிடம் போகிறார்கள். அங்கே வட்டி அதிகம். 13 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அதே 16 லட்சத்துக்கு, அதே 20 வருடத்துக்கு, தவணை சுமார் 18,750 ஆகிவிடும். மாதம் கிட்டத்தட்ட 4,900 ரூபாய் கூடுதல். ஆறு மாதம் பொறுத்தால் மிச்சமாகும் பணம் இது.

அந்த ஆறு மாதத்தை இன்னொன்றுக்கும் பயன்படுத்துங்கள். இப்போதே வீடு வாங்கிவிட்டதாக நினைத்து தவணை 13,900-இல் வாடகை 9,000 போக மீதி 4,900-ஐ மாதம் முதல் தேதியே தனிக் கணக்கில் போடுங்கள். ஆறு மாதமும் இழுத்துப் பிடித்துக் கட்ட முடிகிறதா என்று தெரிந்துவிடும். ஏறக்குறைய 29,000 சேமிப்பும் கூடும். முடியாமல் போனால் கடன் தொகையைக் குறைக்க வேண்டும் என்பது கடன் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது, அதுவும் நல்லதுதான். கூடவே உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை ஒரு முறை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒன்று இலவசம். எப்போதோ தவணையில் வாங்கிய ஃபோனுக்கு 800 ரூபாய் பாக்கி நிற்பதால் கடன் மறுக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த மனை. இதில் எனக்குக் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்ட கருத்து உண்டு, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கையும் மாப்பிள்ளையும் 2013-இல் ஒரு மனைப் பிரிவில் மாதத் தவணைக்கு 1,200 சதுர அடி மனை எடுத்தார்கள். பஞ்சாயத்து அப்ரூவல் என்று சொல்லி விற்றார்கள். கடைசித் தவணை முடிந்ததும் பத்திரம் என்பது பேச்சு. 2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அவர்களுக்கு அப்போது இன்னும் சில தவணைகள்தான் பாக்கி. பின்னால் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு வழி விட்டது. இவர்களிடம் இருந்ததோ ரசீது அட்டை மட்டும். லேஅவுட்டை வரன்முறைப்படுத்த அந்த விற்பனையாளர் விண்ணப்பிக்கவே இல்லை. பாதிப் பணம் அலைந்து அலைந்து வந்தது, மீதி வரவில்லை. அவள் அந்த அட்டையை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள்.

ஆகவே மனை என்றால் முதலில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) கொடுத்த அங்கீகார எண்ணைக் கேளுங்கள். லேஅவுட்டுக்குப் பஞ்சாயத்து கொடுக்கும் அனுமதி மட்டும் போதாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புது மனைப் பிரிவாக இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் வேண்டும், அந்த எண்ணைத் தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம்.

சரி, உங்களுக்கு வந்திருக்கும் மனை எல்லா அங்கீகாரமும் உள்ளது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் வேண்டாம் என்கிறேன். 8 லட்சம் மனைக்கு உங்கள் 6 லட்சமும் போய், பத்திரத்தோடு சேர்த்து ஏறக்குறைய இரண்டரை லட்சத்துக்கு மேல் கடனும் வரும். வாடகை 9,000 நிற்காது. கடன் தவணையும் வாடகையும் சேர்ந்து போகும்போது கட்டடத்துக்குச் சேர்ப்பது எப்படி? சதுர அடிக்கு 2,200 என்று குறைவாகப் போட்டாலும் 500 சதுர அடிக்கு 11 லட்சம். அதற்கு மேல் போர், செப்டிக் டேங்க், மின் இணைப்பு. மனை வாங்கிப் பத்து வருடமாக வேலிக்கல்லை மட்டும் பார்த்துவிட்டு வரும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. மனை வாங்கவும் கட்டவும் சேர்த்து ஒரே கடனாக எடுத்து, உடனே கட்டத் தொடங்குபவருக்கு மனை சரி. அப்படிக் கட்டுபவருக்கு இப்போது ஒரு வசதியும் உண்டு. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. 10 லட்சத்துக்குள் மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. ஆனால் தினமும் அம்பத்தூருக்கும் பாடிக்கும் வேலைக்கு வர வேண்டிய நீங்கள் திருவள்ளூர் தாண்டிக் குடிபோவீர்களா என்பதையும் யோசியுங்கள். குடிபோகப் போவதில்லை என்றால் உங்கள் ஒரே சேமிப்பை அங்கே கொண்டுபோய் வைப்பதில் பயனில்லை.

ஒத்தி. 6 லட்சத்தைக் கொடுத்து வாடகை இல்லாமல் இருந்தால் வருடத்துக்கு 1,08,000 மிச்சம். எந்த வங்கி டெபாசிட்டும் இந்த அளவு தராது, அதனால்தான் மனம் அந்தப் பக்கம் போகிறது. ஆபத்து எங்கே என்றால், பெரும் தொகையை ஒத்திக்குக் கேட்கும் உரிமையாளருக்குப் பல சமயம் பணமுடை இருக்கும். வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானமாக இருந்து அவர் தவணை கட்டாமல் போனால், வங்கி வீட்டைக் கையகப்படுத்தும்போது உங்கள் 6 லட்சத்துக்கு அங்கே முன்னுரிமை இருக்காது. ஒத்தி முடிந்து “அடுத்த ஆள் வந்தால்தான் பணம்” என்று மாதக்கணக்கில் இழுப்பதும் சாதாரணம். வேறு சேமிப்பும் இருக்கிற ஒருவர், வில்லங்கம் (சொத்தின் மீது ஏற்கெனவே பதிவான அடமானம், விற்பனை) பார்த்து, ஒப்பந்தத்தைப் பதிவு செய்து இதில் இறங்கலாம். இருக்கிற எல்லாப் பணமும் இந்த 6 லட்சம்தான் என்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஆக, பழைய ஃபிளாட். அம்பத்தூருக்குள்ளேயே 19 லட்சத்துக்குத் தேடினால் சிரமப்படுவீர்கள். ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு மேற்கே போங்கள்: ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு. மின்சார ரயில் இருப்பதால் உங்கள் இருவர் வேலையும் கைவிட்டுப் போகாது. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரமா என்று பாருங்கள். ஷேர் ஆட்டோவுக்கு இருவரும் தினமும் கொடுக்கும் பணம் ஒரு தவணையின் கணிசமான பங்கைத் தின்றுவிடும்.

வீட்டை இரண்டு பருவத்தில் பார்க்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்வேன். மே மாதம் தண்ணீர் எப்படி வருகிறது, லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா? நவம்பர், டிசம்பரில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது? இரண்டு பருவமும் காத்திருக்க முடியாவிட்டால் தரைத்தளத்தில் குடியிருப்பவரிடம் 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர் சொல்வார்.

அப்புறம் காகிதம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகவே பார்க்கலாம், 30 வருடத்துக்குப் பாருங்கள். மூலப் பத்திரம் முதல் இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா, இடையில் யாராவது இறந்திருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா, மைனர் பங்கு இருந்ததா என்பதை உங்கள் சொந்த வக்கீல் பார்க்க வேண்டும். வங்கியின் வக்கீல் பார்ப்பார் என்று விட்டுவிடாதீர்கள், அவர் வங்கியின் பணத்துக்குக் காவல். பத்திரத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்று தெளிவாக இருக்க வேண்டும். கட்டடம் ஒரு நாள் இடிந்தால் உங்கள் கையில் மிஞ்சுவது அதுதான். இன்னொன்று, பலர் தவற விடுவது: அனுமதி வாங்கியது இரண்டு மாடிக்கு, கட்டியது மூன்று மாடி. அந்த மூன்றாவது மாடி வீடுதான் விலை மலிவாக விற்பனைக்கு வரும். வங்கிக் கடன் கிடைக்காது, நாளைக்கு நீங்கள் விற்கவும் முடியாது. அனுமதி வரைபடத்தில் உங்கள் தளம் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், அவருக்காக விற்க வேறொருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரம் இருக்கிறது என்றால், பவர் பதிவானதா, இன்னும் ரத்தாகாமல் இருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதி செய்யுங்கள். பவரை மட்டும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு வீடு உங்களுடையது என்று நம்பாதீர்கள். பவர் வழியாக நடக்கும் கைமாற்றம் உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கும்போது கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து இது கட்டாயம். வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுதாகத் திரும்ப வரும் என்று ஒரு வரி அதில் இருக்கட்டும். இந்த ஒரு வரி இல்லாமல் ஒன்று, ஒன்றரை லட்சம் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

அரசு உதவி ஒன்று உங்களுக்குப் பொருந்தும். பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் உள்ள, இந்தியாவில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லாத குடும்பங்களுக்கு வட்டி மானியம் உண்டு. வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும் கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் வரும். கடன் விண்ணப்பத்தின்போதே வங்கியிடம் கேட்டு வையுங்கள், பத்திரத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும். வாங்கும் நாளைய கணக்கில் மட்டும் இந்தப் பணத்தைச் சேர்க்காதீர்கள், அது பிறகு வருவது. கணவருக்கு பிஎஃப் இருக்கும், அதிலும் வீட்டுக்காக ஒரு பகுதியை எடுக்க வழி உண்டு. அது ஓய்வுக்காலப் பணம் என்பதால், பத்திரச் செலவில் துண்டு விழுந்தால் மட்டும் தொடுங்கள். வரிச் சலுகை பற்றி யாராவது பேசினால் உங்களுக்கு அது தேவையில்லை. புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வரியே கிடையாது.

கடன் எடுத்த பிறகு வட்டி இப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ஒன்பது மாதத்தில், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 4-லிருந்து 6.5 சதவீதமாக ஏறியது. பலருக்குத் தவணை மாறாமல் வருடம் மட்டும் நீண்டது, அது அவர்களுக்குத் தெரியவே இல்லை. வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இப்போது உங்களுக்கு உண்டு. தவணையைக் கூட்டச் சொல்லுங்கள். 8.5 சதவீதம் 9.5 ஆனால் உங்கள் தவணையில் சுமார் 1,030 ரூபாய்தான் கூடும். மாறும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. தீபாவளி போனஸில் வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாக அசலுக்குக் கட்டினாலும், 20 வருடக் கடன் மூன்று வருடத்துக்கும் மேல் முன்னதாக முடிந்துவிடும்.

கடன் கையெழுத்தின்போது ஒரே தவணையில் பெரிய பிரீமியம் உள்ள காப்பீட்டையும் சேர்த்து நீட்டுவார்கள். அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் கணவர் பெயரில் 20 லட்சத்துக்குக் குறையாமல் ஒரு டெர்ம் பாலிசியை (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வரும் ஆயுள் காப்பீடு) வெளியே எடுத்துவிட்டுத்தான் கடனில் கையெழுத்துப் போட வேண்டும். அவருடைய சம்பளத்தை நம்பித்தான் முழுத் தவணையும் நிற்கிறது, உங்கள் பெண்ணுக்கு இப்போது ஏழு வயது.

திருவள்ளூர் மனைக்காரர் இந்த ஞாயிறு டோக்கன் பணம் கேட்பார். கொடுக்காதீர்கள். அன்று காலை இருவரும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஆவடியிலோ பட்டாபிராமிலோ இறங்கி, வாங்கும் எண்ணமில்லாமல் நான்கு வீடுகளைச் சும்மா பார்த்துவிட்டு வாருங்கள். பிடித்த வீடு கிடைத்து, விற்பவர் பத்திர நகல் கொடுத்ததும், ஊர், சர்வே எண், ஆண்டு இந்த மூன்றையும் எனக்கு எழுதுங்கள். வில்லங்கத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.